அக்கா ஊற்றிய பினாயில்

இதை எழுதலாமா வேண்டாமா என்ற யோசனையிலேயே சில வருடங்கள் போய்விட்டன. கிருத்திகை விரதம் முடித்து விளக்கின் முன் உட்காரும்போதெல்லாம் இன்றைக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றும். உடனே, எட்டாவது வரை படித்த நாம் எழுதி யார் படிக்கப் போகிறார்கள் என்று எழுந்துவிடுவேன். இன்னொரு தயக்கமும் இருந்தது. அன்று அந்த ஷெட்டில் இருந்தவர்கள் பலரும் இதே சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கிறார்கள். சந்தையில், கோயிலில், ரேஷன் கடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாக வேண்டும்.

போன மாதம் ஓசூரிலிருந்து பாகலூர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் கம்பெனி யூனிபார்மில் இரண்டு பெண்கள். ஒருத்தி மற்றவளிடம் சொன்னாள்:

"அந்தப் புழு கம்பெனி இருந்துச்சே, அது ஏன் மூடுனாங்க தெரியுமா? ஒரு கெழவி வயித்தெரிச்சல்ல பினாயில ஊத்திப் புழு மொத்தத்தையும் கொன்னுட்டாளாம்."

"அய்யோ! இன்னாத்துக்கு?"

"சூப்பர்வைசர் ஆக்கலன்னு கோவமாம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் புழுவெல்லாம் அதுக்கு முன்னாடியே செத்துப் போயிருந்துச்சும்மா" என்றேன்.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். "நீங்க அங்க இருந்தீங்களா ஆன்ட்டி?"

இருந்தேன். ஆனால் அதைச் சொல்லி முடிக்க ஒரு பஸ் பயணம் போதாது. அதனால்தான் முருகனைக் கும்பிட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவர்கள் கிழவி என்று சொன்ன அந்த அக்காவின் பெயரை எழுதப் போவதில்லை. ஊத்தங்கரைப் பக்கத்து மானாவாரிக் கிராமம். மகனுக்கு ஓசூர் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்ததால் கூடவே வந்தவர். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் குடியிருந்தார். ஒல்லியான உடம்பு. நெற்றியில் எப்போதும் திருநீறு. பாகலூர் தாண்டி கர்நாடக எல்லையை ஒட்டி இருந்த அந்த ஷெட்டுக்கு என்னை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான்.

அங்கே செய்த வேலையைச் சொன்னால் முகம் சுளிப்பவர்களே அதிகம். ஒரு வகைக் கருப்பு ஈயைப் பெரிய வலைக்கூண்டுக்குள் வளர்ப்போம். வீட்டு ஈ மாதிரி அது சோற்றில் வந்து மொய்க்காது. கூண்டுக்குள் கட்டி வைத்த மரச்சட்டங்களின் இடுக்கில் முட்டையிடும். முட்டை பொரிந்து வரும் புழுக்களை நீலத் தட்டுகளில் விட்டு, ஓட்டல் சோறு, கல்யாண மண்டபத்து மிச்சம், அழுகிய காய்கறி எல்லாவற்றையும் அரைத்துப் போடுவோம். தின்று கொழுத்ததும் சலித்து எடுத்து, வெந்நீரில் போட்டு, உலர்த்தி மூட்டை பிடிப்போம். அது கோழிக்கும் மீனுக்கும் தீனி. தட்டில் மிஞ்சும் கழிவு தோட்டத்துக்கு உரம். தளிப் பக்கத்து முட்டைக்கோசுக்காரர்கள் அதற்கு முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள்.

உயிரை வெந்நீரில் போடுகிறோமே என்று முதல் வாரம் எனக்கு ராத்தூக்கம் இல்லை. அக்காவிடம் கேட்டேன்.

"கோழிக்கு இன்னா போடுவ, கல்லா? தின்னது இன்னொண்ணுக்குத் தீனியாப் போவுது. வீணாத்தான் போவக் கூடாது" என்றார்.

அவருடைய குணம் மொத்தமும் அந்தக் கடைசி வார்த்தையில் அடக்கம். எதுவும் வீணாகக் கூடாது. நம் வீட்டுக்கு வந்தால் உட்காருவதற்கு முன் குப்பைக் கூடையை எட்டிப் பார்ப்பார். தோசை மாவுப் பாத்திரத்தைக் கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினால் அவர் முகம் வாடிவிடும். முருங்கைக்கீரைக் காம்பு, டீத்தூள் சக்கை, வெண்டைக்காய்க் காம்பு, எதற்கும் அவரிடம் ஒரு போக்கிடம் இருந்தது. "வயிறு இருக்கிற ஏதோ ஒண்ணு எங்கியோ காத்துக்கிட்டு இருக்கும் தங்கச்சி" என்பார். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது அதைச் சொல்லிவிடுவார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கஷ்டம். ஷெட்டில் எங்களோடு வேலை செய்த ஒரு பாகலூர்க்காரி இருந்தாள். வாய்த்துடுக்கு. மதியச் சாப்பாட்டில் அவள் ஒரு கருவேப்பிலையை ஒதுக்கினால்கூட அக்கா கண் அங்கே போகும்.

"ஏன்க்கா என் தட்டயே பாக்கற? எலைய ஒதுக்குனதுக்குப் போலீஸ்ல எழுதி வெச்சிடாத" என்பாள் அவள்.

"ஒதுக்கு, ஒதுக்கு. நான் எடுத்துக்கறேன்."

"எடுத்துக்க. புழுவுக்குப் பொங்கல் வெச்சிக் கும்புடு."

எல்லாரும் சிரிப்போம். அக்காவும் சிரித்துக்கொண்டே அந்தக் கருவேப்பிலையை எடுத்துத் தன் டப்பா மூடியில் வைத்துக்கொள்வார்.

ஒரு தடவை உறவுக்காரக் கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனவர், பந்தி முடிந்த நேரத்தில் காணாமல் போனார். துணைக்குப் போயிருந்த நான் தேடிப்போய்ப் பார்த்தால் பின்கட்டில் இலை கொட்டும் இடத்தில் நிற்கிறார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சோறு வேறு, இலை வேறு, பிளாஸ்டிக் டம்ளர் வேறு என்று பிரித்துக்கொண்டிருந்தார். பெண்ணின் தாய்மாமன் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, சாப்பிட வந்தீங்களா, எச்சில் பொறுக்க வந்தீங்களா? சம்பந்தி வீட்டுக்காரங்க பாத்தா எங்க மானம் போயிரும்."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, "மாமா, ரெண்டு ட்ரம்மு மட்டும் குடுங்க. வண்டி வரச் சொல்லியிருக்கேன்" என்றார். எனக்குத்தான் காது சூடாயிற்று. அவருக்கு அவமானம் என்று ஒன்று படவே இல்லை.

அவர் கணவர் சாகும்போது மிஞ்சிய மாத்திரை அட்டைகள் நிறைய இருந்தனவாம். காரியம் முடிந்த மறுநாளே அதை எடுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். திருப்பி வாங்க மாட்டோம் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். "பிரிக்காத அட்டைம்மா. இதே சீக்குல யாரோ வருவாங்க இல்ல?" என்று சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாராம். இதை அவர் மகன் என்னிடம் சொன்னபோது அவன் குரலில் பாசம் இருந்தது, ஒரு பயமும் இருந்தது. அப்பாவுக்காக அழுவதை விட்டுவிட்டு அம்மா ஏன் மாத்திரைக்காக உட்கார்ந்திருந்தாள் என்று அவனுக்கு இன்னும் புரியவில்லை. எனக்கும் முழுதாகப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். "சின்ன வயசுலேர்ந்து இப்படியே கை பழகிப் போச்சு" என்றதோடு சரி.

மலைக்கோயில் தேர் முடிந்த மறுநாள் நடந்ததுதான் இனி நான் சொல்ல வேண்டியது.

எங்கள் பக்கத்தில் தேர் என்றால் தமிழ்க்காரர், கன்னடக்காரர், தெலுங்குக்காரர் என்று எல்லாரும் கூடுவார்கள். அந்த வருடம் யாரோ ஒரு புண்ணியவான் வேன் வேனாக ரோஜா கொடுத்திருந்தார். ஓசூரில் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வளர்க்கும் பாலிஹவுஸ் ரோஜா. நீளக் காம்பு, வெல்வெட் மாதிரி இதழ், வெளிநாட்டுக்குப் போகிற ரகம். சாமிக்கும் தேருக்கும் பந்தலுக்கும் அந்த ரோஜா மாலைதான். பார்க்கக் கண் கொள்ளவில்லை. மறுநாள் காலையில் அந்த மாலைகள் எல்லாம் மலையடிவாரத்தில் சாக்கடை ஓரம் குவிந்து கிடந்தன. குப்பை லாரி வந்து அள்ளிப்போகக் காத்திருந்தது.

கோயிலுக்கு வந்த அக்கா அதைப் பார்த்துவிட்டார். ஷெட்டுக்கு லோடு ஆட்டோ ஓட்டும் தளி அண்ணனுக்குப் போன் போட்டார். நானும் கூட இருந்தேன்.

"சாமி தோள்ள கெடந்தது சாக்கடைக்குப் போவுதுண்ணா. வண்டிய எடுத்துக்கிட்டு வாங்க."

தளி அண்ணன் வந்தார். குவியலைப் பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தவர், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மூட்டை கட்டத் தொடங்கினார். ஒரு மாலையை நான் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டது நினைவிருக்கிறது.

வழக்கமாகவே ஊர்க்கோயில் மாலைகள் கொஞ்சம் ஷெட்டுக்கு வரும். சாமந்தி, துளசி, சம்பங்கி. புழு தின்றுவிடும், ஒன்றும் ஆகாது. அந்த தைரியத்தில்தான் யாரும் யோசிக்கவில்லை. அன்று மதியம் முழுக்க அக்கா குவியல் முன்னால் உட்கார்ந்து நாரையும் ஜரிகையையும் உருவினார். பூவை மட்டும் நறுக்கிச் சோற்றோடு கலந்தோம். ஷெட்டே மணத்தது. அந்த இடம் அப்படி மணத்து நான் அறிந்ததில்லை.

"நமக்கு இந்த ஜென்மத்துல மோட்சம் இல்லக்கா. புழுவுக்குக் கெடச்சிருச்சு" என்றாள் பாகலூர்க்காரி.

அறுவடைக்குத் தயாராக இருந்த தட்டுகளில் பாதிக்கு அந்தத் தீனியைப் போட்டோம். மீதிப் பாதிக்கு எப்போதும் போடும் ஓட்டல் சோறு.

மறுநாள் காலையில் கதவைத் திறந்ததும் தரையில் கால் வைக்க இடம் இல்லை. புழுக்கள் தட்டை விட்டு ஏறிக் கீழே விழுந்து கிடந்தன. சில சுருண்டு சுருண்டு நிமிர்ந்தன. பெரும்பாலானவை தட்டுக்குள்ளேயே அசைவில்லாமல் தொய்ந்து கிடந்தன. பக்கத்து வரிசையில் ஓட்டல் சோறு தின்றவை எப்போதும் போல நெளிந்துகொண்டிருந்தன.

அக்கா ஒரு தட்டில் கையை விட்டு அள்ளினார். அவர் விரலிடுக்கில் ஒன்றுகூட நகரவில்லை.

அப்போதுதான் தளி அண்ணன் சொன்னார். "அந்த ரோஜா ஏத்துமதிக்கு வளத்ததும்மா. ஒரு பூச்சி தென்பட்டாலும் பெட்டி திரும்பி வந்துரும்னு மருந்து அடிச்சிக்கிட்டே இருப்பாங்க. என் மச்சான் அங்கதான் மருந்தடிக்கறான்."

"இத நேத்தே சொல்றதுக்கு இன்னாண்ணா?" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "சாமி மாலைய கையில வெச்சிக்கிட்டு இதுல விஷம் இருக்குதுன்னு எந்த வாயால சொல்றது?"

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கே இருந்த எங்களில் யாராக இருந்தாலும் அதைச் சொல்லியிருக்க மாட்டோம்.

அக்கா மட்டும் மெதுவாகச் சொன்னார்: "சாமி மேல தப்பு இல்ல. பூ மேலயும் இல்ல. மருந்து மனுசன் அடிச்சது. கேக்காம கொண்டாந்து போட்டது நான்."

ஷெட் முதலாளி சார் வந்தார். எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர். எங்களிடம் கன்னடம் கலந்த தமிழில் பேசுவார். கெட்டவர் இல்லை. தீபாவளிக்கு எல்லாருக்கும் சேலை எடுத்துக் கொடுத்தவர். ஷெட்டைப் பார்த்ததும், "ஏனம்மா இது?" என்று அப்படியே நின்றுவிட்டார். இது என்ன என்று கேட்கிறார். அக்கா நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

நாமக்கல் பக்கத்துப் பெரிய கோழிப்பண்ணைக்கு முதல் முறையாக எங்கள் சரக்கு மறுநாள் போக வேண்டும். அது போனால்தான் ஷெட் நிற்கும் என்று எங்களுக்கும் தெரியும். சார் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டார்.

"எதனால செத்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? சூடு தாங்காமக்கூட செத்திருக்கும். எப்படியும் இன்னைக்கு வெந்நீர்ல போடப்போறதுதானே? இப்பவே போட்டுடுங்க. காஞ்சுட்டா எல்லாம் ஒண்ணுதான்."

யாரும் நகரவில்லை. அக்கா, "வேணாம் சார். கொட்டிடலாம்" என்றார்.

சார் அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீங்களா சொல்றீங்க? எதையும் வீணாக்கக் கூடாதுன்னு தினம் பாடம் எடுக்கறது நீங்கதானேம்மா? இவ்வளவையும் கொட்டணும்னு உங்களுக்கு எப்படி மனசு வருது?"

அது சரியான இடத்தில் குத்தியது. அக்காவின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன்.

"வயிறு இருக்கிற ஏதோ ஒண்ணு காத்துக்கிட்டு இருக்குது சார்" என்றார். "அதுக்குத்தான் வேணாங்கறேன். கோழி தின்னும். முட்டைய ஒரு புள்ள தின்னும்."

"ஒரு பாதியத்தான் கலக்கறோம். ஒண்ணும் ஆவாதும்மா."

"ஆவாதுன்னா பக்கத்துத் தட்டு உசுரோட இருக்குது, இது ஏன் செத்துச்சு?"

பாகலூர்க்காரிக்குப் பொறுமை போய்விட்டது. "யக்கா, நீ கொண்டாந்து போட்ட பூவுக்கு நாங்க ஏன் தெருவுல நிக்கணும்? புள்ளைங்களுக்கு ஸ்கூல் பீஸு கட்டற நேரம். வாய மூடிக்கிட்டு வேலையப் பாரு. சாருக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிருச்சு?"

அவள் சொன்னதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு பிள்ளைகளை ஒற்றை ஆளாக வளர்த்துக்கொண்டிருந்தாள்.

"நெஜந்தான். கொண்டாந்தது நான்தான்" என்றார் அக்கா. மேற்கொண்டு அவளிடம் வாதாடவில்லை.

சார் வெந்நீர்த் தொட்டிக்கு அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லிவிட்டு போன் பேச வெளியே போனார். யாரோ பற்றவைத்தார்கள். சலிப்பதற்காகத் தட்டுகளை இறக்கித் தரையில் வரிசையாக வைத்தோம். என் கை வேலை செய்தது. வாய் முருகா முருகா என்றது. அதைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அக்கா கழுவுமிடத்துக்குப் போனார். தரை துடைக்கும் கருப்புப் பினாயில் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவசரம் இல்லை, ஆத்திரம் இல்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல் முதல் தட்டில் ஊற்றினார். அடுத்த தட்டில் ஊற்றினார். வரிசையாகக் குனிந்து குனிந்து ஊற்றிக்கொண்டே போனார். செத்த தட்டுகளில் மட்டும்தான். உயிரோடு இருந்த வரிசையின் பக்கம் ஒரு சொட்டுக்கூடத் தெறிக்கவில்லை. இதை என் கண்ணால் பார்த்தேன், என் சாமி சாட்சி.

கேனைப் பிடுங்க ஓடிய பாகலூர்க்காரி பாதியில் நின்றுவிட்டாள். அதற்குள் எல்லாம் நனைந்துவிட்டது. அந்த நாற்றம் உலர்த்தினாலும் அரைத்தாலும் போகாது. இனி எந்தக் கோழிப்பண்ணையும் அதை வாங்காது.

"எங்க வயித்துல ஊத்திட்டியே பினாயில" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சார் உள்ளே வந்தார். கத்துவார் என்று நினைத்தோம். கத்தவில்லை. அடுப்பை அவரே அணைத்தார். "நாளைலேர்ந்து வராதீங்கம்மா" என்றார்.

"சரிங்க சார். இத மட்டும் பொதச்சிட்டுப் போயிடறேன்."

ஷெட்டுக்குப் பின்னால் மேட்டில் தளி அண்ணன் குழி வெட்டினார். நானும் அக்காவும் தட்டுகளைச் சுமந்தோம். சுண்ணாம்பு போட்டு, கொட்டி, மறுபடியும் சுண்ணாம்பு போட்டோம். மீதி இருந்த ரோஜாவையும் அதிலேயே போட்டோம். கடைசித் தட்டைக் கொட்டும்போது கொஞ்சம் வெளியே சிந்தியது. அக்கா குனிந்து, சிந்தியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்க்க ஆரம்பித்தார். பழகிய கை. சேர்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது போலிருக்கிறது. கையைப் பார்த்தார். குழியில் உதறினார். அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதார். புருஷனுக்குக்கூட அழாதவர் என்று மகன் சொன்ன அந்த மனுஷி, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதார்.

"இவ்வளவையும் வீணாக்கிட்டேனே தங்கச்சி. என் கையாலயே வீணாக்கிட்டேனே."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

கோழிப்பண்ணைக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். ஷெட் கொஞ்ச நாள் தள்ளாடி மூடிவிட்டது. நாங்கள் ஆளுக்கொரு பக்கம் போனோம். பாகலூர்க்காரி துணி கம்பெனிக்குப் போய்விட்டாள். பினாயில் ஊற்றிக் கொன்றாள் என்ற கதை எங்கிருந்து கிளம்பியது என்று நான் தேடவில்லை. வேலை போன வயிற்றெரிச்சலில் ஒருவர் ஒன்று சொல்ல, கேட்டவர் ஒன்று சேர்த்திருப்பார். அக்காவின் காதுக்கும் அது வந்தது. கடைத்தெருவில் அவரைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். மகன் வேலையை வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டான். அக்கா ஊத்தங்கரைப் பக்கம் தன் ஊருக்கே போய்விட்டார்.

பஸ்ஸில் அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு அவரைப் பார்க்கப் போனேன். வாசலில் புளி உரித்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒல்லியாகியிருந்தார். என் கையைப் பிடித்து உட்காரவைத்து, காபி கொடுத்து, அப்புறம்தான் என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன்.

"விடு தங்கச்சி. சொன்னா சொல்லிட்டுப் போறாங்க."

"இல்லக்கா. நான் எழுதப் போறேன். நீங்க எத்தன கோழியக் காப்பாத்துனீங்க, எத்தன புள்ளைங்கள காப்பாத்துனீங்கன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்."

அவர் புளி உரிப்பதை நிறுத்தினார். "அத நீ பாத்தியா? நான் பாக்கல. ஒருவேளை சார் சொன்ன மாதிரி ஒண்ணும் ஆவாமக்கூடப் போயிருக்கும். பாக்காதத எழுதாத. பேரு போடாத. பூவ நான்தான் கொண்டாந்தேன்னு எழுது. அத விட்டுட்டு எழுதறதா இருந்தா எழுதவே வேணாம்."

அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். படித்தவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புழு கம்பெனிக் கிழவியின் கதையை யாராவது உங்களிடம் சொன்னால், இதை அப்படியே அவர்களிடம் சொல்லுங்கள். அக்காவை நல்லவராக்க வேண்டும் என்று மாலையை மறைக்காதீர்கள். சாரைக் கெட்டவராக்க ஒரு வார்த்தை கூட்டாதீர்கள். பாகலூர்க்காரியின் கண்ணீரைக் குறைக்காதீர்கள். வரிசை மட்டும் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் பூ. அடுத்து புழு செத்தது. பினாயில் அதற்கும் பிறகுதான்.